மடுவத்தில் விரல் ரேகை இயந்திரம்

வணக்கம். உங்கள் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வரவு பதிய விரல் ரேகை இயந்திரம் வைத்திருப்பதாகவும், உங்கள் அம்மாவின் ரேகை பதியாமல் இரண்டு நாள் அரைப்பேர் (அரைநாள் வேலைக் கணக்கு) மட்டுமே விழுந்ததாகவும், கைபேசியில் வீபிஎன் (இணையப் பாதையை மறைக்கும் செயலி) போட்டால் பாதுகாப்பா என்றும் கேட்டிருந்தீர்கள்.

வீபிஎன் இதற்கு உதவாது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்துத் திகன கலவரத்தை அடுத்து அரசாங்கம் பேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் தடுத்தபோது பலர் அதை நாடியது வேறு விடயம். வீபிஎன் இணையப் பாதையை மறைக்குமே தவிர, அலுவலகக் கணினியில் ஏறிவிட்ட ரேகையை மறைக்காது. கடவுச்சொல் கசிந்தால் மாற்றலாம், விரலை மாற்ற முடியாது.

முதலில் பேர் பிரச்சினையைப் பாருங்கள். கொழுந்துக் கறை ஏறி, நுனி வெடித்து, மழையில் ஊறிய விரலை இயந்திரம் அடையாளம் காணாதது அம்மாவின் குற்றமல்ல (என் தாயாருக்கும் இதே கதைதான்). இயந்திரம் மறுக்கும் நாட்களில் கணக்கப்பிள்ளை பதிவேட்டில் கையால் பேர் போட வேண்டும் என்று, தொழிற்சங்கத் தலைவர் மூலம் துரைக்கு (தோட்ட முகாமையாளருக்கு) எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதியுடன் கையொப்பம் வாங்குங்கள். ரேகை எங்கே சேமிக்கப்படுகிறது, யார் பார்க்கலாம், வேலையை விட்டால் எப்போது அழிக்கப்படும் என்பவற்றையும் அதிலேயே கேளுங்கள்.

இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உயிரியல் அடையாளத் தரவைச் சிறப்பு வகையாகவே கருதுகிறது. ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் ஒத்திவைக்கப்பட்டதால், சட்டத்தை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம் என்பதே என் கருத்து.