நியூயார்க்கும் நயாகராவும் ஒரே தேனிலவில் ஒத்துவருமா?

கேள்வி: கல்யாணம் முடிந்ததும் ஒரு வாரம் அமெரிக்கா போகிறோம். நியூயார்க், நயாகரா இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாமா, ஒன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லதா?

சேர்த்தே போங்கள். ஆனால் நயாகராவை நியூயார்க்கிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்புகிற இடமாக மட்டும் நினைக்காதீர்கள். இரண்டும் ஒரே மாநிலத்தில்தான் இருக்கின்றன, நடுவே கிட்டத்தட்ட 650 கிலோமீட்டர். காரில் போவதற்கு மட்டும் ஏழு மணி நேரம் ஆகும். விடியுமுன் கிளம்பி நள்ளிரவில் கொண்டுவந்து விடுகிற பஸ் சுற்றுலாக்கள் உண்டு. ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்க அது நல்ல ஏற்பாடு. அருவி பார்க்க அல்ல.

நாங்கள் போனது ஓர் அக்டோபரில், கல்யாணமாகிப் பதினோராவது நாள். வீட்டில் பார்த்துச் செய்துவைத்த கல்யாணம், அதுவரை போனில் பேசியதுதான் அதிகம். நியூயார்க்கில் நான்கு இரவு, நயாகராவில் இரண்டு இரவு. முதலில் நகரம், அப்புறம் அருவி என்று அமைந்தது தற்செயல்தான். ஆனால் இப்போது யார் கேட்டாலும் அந்த வரிசையைத்தான் சொல்கிறேன். காரணம் தூக்கம். நம் நேரத்துக்கும் அங்கே உள்ள நேரத்துக்கும் அப்போது ஒன்பதரை மணி வித்தியாசம். முதல் இரண்டு நாள் விடிகாலை மூன்று மணிக்கே இருவரும் முழித்துக்கொண்டோம். சின்ன ஊராக இருந்தால் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டியதுதான். நியூயார்க்கில் சுரங்க ரயில் ராத்திரி முழுக்க ஓடுகிறது, ஸ்டேட்டன் தீவுக்குப் போகும் படகும் அப்படியே. படகுக்குக் கட்டணம் கிடையாது, ஒரு பக்கம் 25 நிமிடப் பயணம். போகும்போது வலது பக்கம் நின்றால் சுதந்திர தேவி சிலை தெரியும். நாங்கள் இருட்டில் போய், அந்தக் கரையில் எல்லோரையும் இறக்கிவிட்டதும் மறுபடி ஏறி, வெளுக்கிற நேரத்தில் மன்ஹாட்டன் கட்டடங்களைப் பார்த்தபடி திரும்பினோம். படகில் வேலைக்குப் போகிறவர்கள் பாதிப்பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

நகரத்தில் என்ன பார்ப்பது என்பதில்தான் எங்களுக்கு முதல் சண்டை. என் கணவர் எக்செல்லில் அட்டவணை போட்டு வந்திருந்தார், அரை மணிக்கு ஒரு கட்டம். மூன்றாம் நாள் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில், எகிப்திலிருந்து கல் கல்லாகப் பெயர்த்து வந்து நிறுத்திய டெண்டூர் கோயிலுக்கு முன்னால் உட்கார்ந்தவள், இனி எழுந்திருக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டேன். கால் வீங்கியிருந்தது. அவர் கொஞ்ச நேரம் போனைப் பார்த்தார், பிறகு பக்கத்தில் உட்கார்ந்தார். அன்றைக்கு அட்டவணையில் ஆறு கட்டம் அழிந்தது. உங்களுக்கு என் யோசனை: உயரமான கட்டடம் ஒன்றில் மட்டும் ஏறுங்கள், அதுவும் ராக்ஃபெல்லர் சென்டராக இருக்கட்டும். எம்பயர் ஸ்டேட்டின் மேல் நின்றால் எம்பயர் ஸ்டேட் தெரியாதே. ப்ரூக்ளின் பாலத்தை ப்ரூக்ளின் பக்கமிருந்து மன்ஹாட்டனை நோக்கி நடந்தே கடந்து போங்கள். டைம்ஸ் சதுக்கத்துக்குப் பத்து நிமிடம் போதும்.

ஆனால் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தை விட்டுவிடாதீர்கள். கீழ்த் தளத்துக்குப் போகும் வழியில், ஆய்ஸ்டர் பார் உணவகத்துக்கு வெளியே ஓடு பதித்த வளைவுக்கூரை ஒன்று இருக்கிறது. எதிரெதிர் மூலைகளில் இருவரும் சுவரைப் பார்த்து நின்று கிசுகிசுத்தால், கூரையின் வளைவு வழியே குரல் ஓடிப்போய் அடுத்த மூலையில் காதோடு பேசுவதுபோல் கேட்கும். நடுவில் நடந்து போகிறவர்களுக்கு ஒன்றும் கேட்காது. அதுவரை என் கணவர் என்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சுவரிலிருந்து "உனக்குப் பசிக்குதா?" என்று வந்தது. திரும்பிப் பார்த்தேன், அவர் இன்னும் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

நயாகராவுக்கு ரயிலில் போனோம். ஒன்பது மணி நேரம் என்றதும் நான் முணுமுணுத்தேன். விமானத்தில் பஃபலோவுக்கு ஒன்றரை மணி நேரம்தான், அங்கிருந்து அருவி அரை மணி தூரம். ஆனால் ரயிலில் இடது பக்கம் உட்கார்ந்தால் ஆல்பனி வரை ஹட்சன் ஆறு கூடவே வரும், அக்டோபரில் எதிர்க்கரை முழுக்க சிவப்பும் மஞ்சளுமாக இலைகள். பார்த்து முடிக்க வேண்டிய கட்டம் எதுவும் இல்லாத நாள் அது ஒன்றுதான். அவர் பள்ளிக்கூடக் கதையெல்லாம் சொன்னது அன்றைக்குத்தான். திரும்பும்போது விமானத்தில் வந்துவிட்டோம்.

தேனிலவுக்கு நயாகரா என்பது பழைய வழக்கம். 1801-ல், அப்போது அமெரிக்கத் துணை அதிபராக இருந்த ஆரன் பர்ரின் மகள் தியோடோசியா, கல்யாணமான வருடமே கணவரோடு இங்கே வந்திருக்கிறார். இருக்கிற மூன்று அருவிகளில் சின்னதற்குப் பெயரே மணப்பெண்ணின் முகத்திரைதான். அதன் காலடியில் மரப்படிகள் கட்டியிருக்கிறார்கள், மஞ்சள் மழைக்கோட்டும் செருப்பும் கொடுத்து மேலே அனுப்புகிறார்கள். முகத்திரை என்றதும் மெல்லிய துணியாகக் கற்பனை செய்துகொண்டு போனேன். மேல் தளத்தில் நின்றபோது வாளி வாளியாக முதுகில் அடித்தது. நல்ல உடை போட்டுக்கொண்டு போகாதீர்கள். அந்தப் படிகளைக் குளிர்காலப் பனி நொறுக்கிவிடும் என்பதால் வருடா வருடம் கழற்றிவிட்டு வசந்தத்தில் திரும்பக் கட்டுகிறார்கள். அருவிக்கு அருகே கொண்டுபோகும் சுற்றுலாப் படகும் குளிர்காலத்தில் ஓடாது. அதனால் மே முதல் அக்டோபருக்குள் போங்கள்.

அருவியைப் பகலில் பார்க்கச் சொல்வதற்கும் ஒரு காரணம் உண்டு. ஆற்று நீரில் பெரும்பகுதியை மின்சாரத்துக்குத் திருப்புகிறார்கள். 1950-ல் அமெரிக்காவும் கனடாவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, சுற்றுலாக் காலத்தின் பகலில் நொடிக்குக் குறைந்தது 1,00,000 கன அடி நீர் அருவியில் விழ வேண்டும். இரவிலும் குளிர்காலத்திலும் அதில் பாதி போதும். ராத்திரி வண்ண விளக்குப் போடுகிறார்கள், அழகுதான், ஆனால் நேரம் கழித்துப் போனால் நீங்கள் பார்ப்பது பாதி அருவி. (கண்ணுக்கு வித்தியாசம் தெரிந்தது என்று பொய் சொல்ல மாட்டேன்.)

எனக்குப் பிடித்தது, அருவிகளுக்கு நடுவே இருக்கும் ஆட்டுத் தீவின் (Goat Island) முனை. மூன்றில் பெரியதான குதிரைலாட அருவி மடிந்து விழும் இடத்துக்குப் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். விழும் இடத்தில் தண்ணீர் கண்ணாடிப் பச்சை. பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஒரு காலத்தில் இங்கே கரையெல்லாம் ஆலைகளும் வேலிகளுமாக இருந்து, அருவியை எட்டிப் பார்க்கக் காசு வாங்கியிருக்கிறார்கள். அதற்கு எதிராகப் போராடியவர்களில் ஒருவர் பூங்கா வடிவமைப்பாளர் ஃபிரெடெரிக் லா ஓம்ஸ்டெட். 1885-ல் மாநிலமே இடத்தை வாங்கிப் பூங்காவாக்கியது. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை கால்வெர்ட் வாக்ஸோடு சேர்ந்து வடிவமைத்தவரும் இவர்தான். அங்கே ஏரி உட்பட எல்லாவற்றையும் வெட்டி உண்டாக்கினார், இங்கே குறுக்கே நின்றதையெல்லாம் அகற்றச் சொன்னார். இரண்டையும் ஒரே வாரத்தில் பார்ப்பவர்களுக்கு இது ருசிக்கும்.

நாங்கள் செய்த தப்பு இரண்டு. 'அருவி தெரியும் அறை' என்று கூடுதல் பணம் கட்டினோம். தெரிந்தது கார் நிறுத்துமிடம், அதற்குப் பின்னால் கொஞ்சம் சாரல் புகை. பணம் கட்டுமுன் அந்த அறையின் ஜன்னலிலிருந்து எடுத்த படத்தைக் கேளுங்கள். இரண்டாவது, கனடா விசா எடுக்காதது. அமெரிக்கப் பக்கம் அருவிக்கு மேலேயும் பக்கவாட்டிலும் நிற்கிறீர்கள், முழு முகமும் கனடாவிலிருந்துதான் தெரியும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் தனி விசா வேண்டும். அது இருந்தால் ரெயின்போ பாலத்தில் நடந்தே போய்விடலாம், அமெரிக்காவுக்குள் திரும்பி வர உங்கள் அமெரிக்க விசா இடம் கொடுக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் காலை நாங்கள் இந்தக் கரையில் நின்று அந்தக் கரையில் நிற்பவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர்கள் எங்களைப் பார்க்கவில்லை. அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.