முதலில் தலை, கடைசியில் கண்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஒன்பதாவது படிக்கும் என் மகள் அனிமே (ஜப்பான் கார்ட்டூன்) முகம் வரைகிறாள். ஒரு கண் அழகாக வருகிறது. மறு கண் மேலே ஏறிவிடுகிறது, இல்லை கோணிக்கொள்கிறது. தாள் கிழியும் வரை அழிக்கிறாள். என்ன செய்யலாம்?
– வாசகி, காரைக்குடி

பதில்: கண்ணில் தொடங்குவதால் வரும் வினை இது. ஒரு கண்ணை இமைமுடி வரை முடித்துவிட்டால், அடுத்த கண்ணுக்கு இடம் எங்கே என்று அளக்க எதுவும் இருக்காது.

ஏ4 தாளில் 8 செ.மீ. விட்டத்தில் வட்டம் போடட்டும். எச்பி பென்சில், அழுத்தமே கூடாது. நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு, வட்டத்தைத் தாண்டி 2 செ.மீ. வரை. அதன் நுனிதான் முகவாய். உச்சியிலிருந்து முகவாய் வரை 10 செ.மீ. ஆகிறதா, அதில் சரிபாதியில் குறுக்குக் கோடு. மேல் இமை அங்கேதான் வரவேண்டும். இதற்கு மேலே வைத்தால் நெற்றி சுருங்கி, தலை சப்பையாகிவிடும். கீழ் இமை உச்சியிலிருந்து 6.8 செ.மீ.யில். ஒவ்வொரு கண்ணும் 2 செ.மீ. அகலம், இரண்டுக்கும் நடுவே அதே 2 செ.மீ. அதே போல உச்சியிலிருந்து அளந்து, மூக்கு 7.8-இல் ஒரு சின்னக் கீற்று, வாய் 8.6-இல். காது மேல் இமையில் தொடங்கி மூக்கு மட்டத்தில் முடியும்.

இப்போது கண். இரண்டையும் சேர்த்தே வளர்க்க வேண்டும்: இந்த மேல் இமை, அந்த மேல் இமை, இந்தக் கருவிழி, அந்தக் கருவிழி. மணிக்கட்டு ஒரு பக்க வளைவைத்தான் இயல்பாகப் போடும். மறு பக்கத்துக்குத் தாளைத் திருப்பிக்கொள்ளட்டும். மேல் இமை தடிமனாக, கீழ் இமை இழை போல. கருவிழியின் மேல் ஓரம் இமைக்குள் மறையவேண்டும். முழு வட்டமும் தெரிந்தால் முகம் திடுக்கிட்டது போலிருக்கும். வெளிச்சப் புள்ளி இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம்.

முடிந்ததும் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பின்புறமாகப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அரை மி.மீ. கோணலும் பளிச்சென்று தெரியும்.

கேள்வி: நேர் முகம் வருகிறது. பக்கவாட்டில் கொஞ்சம் திரும்பிய முகம் மட்டும் வரவே மாட்டேன் என்கிறது.
– வாசகர், தேவகோட்டை

பதில்: ஒரு முட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் நடுக்கோடும் கண் கோடும் போட்டு, மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். நடுக்கோடு நகர்வது மட்டுமல்ல, வளைகிறது. பலர் அதை நேராகவே போட்டுவிடுவதால் முகம் தட்டையாகிறது. தூரத்துக் கண்ணின் உயரம் மாறாது, அகலம் மட்டும் குறையும், 2 செ.மீ. 1.4 ஆகலாம். அந்தப் பக்கத்து வெளிக்கோடு நெற்றியிலிருந்து இறங்கி, கண்ணருகே உள்ளே குழிந்து, கன்னத்தில் புடைத்து, முகவாய்க்குப் போகும். அந்தக் குழிவு இல்லாவிட்டால் முகம் திரும்பியதாகவே தோன்றாது. தூரத்துக் காதை விட்டுவிடுங்கள்.

கேள்வி: பேத்தி இந்த ஜப்பான் படங்களை வரைகிறாள். எனக்கு நடுவீட்டுக் கோலம்தான் தெரியும். அவளுக்கு நான் ஏதாவது சொல்லித்தர முடியுமா?
– ஓர் ஆச்சி, பள்ளத்தூர்

பதில்: ஆச்சி, தலைமுடியை நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும்! மாவில் நனைத்த துணியைப் பிழிந்துகொண்டே ஒரே ஓட்டத்தில் இழை இழுப்பீர்களே, அந்தக் கைதான் இதற்கு வேண்டும். பிள்ளைகள் விரலை மட்டும் அசைத்துக் கீறிக் கீறிப் போடுவதால் முடி நார் நாராகிவிடுகிறது. முழங்கையிலிருந்து கை ஓடவேண்டும். வேரில் அழுத்தி, நுனியில் லேசாக விடவேண்டும். முதலில் நாலைந்து பெரிய கற்றைகள், பிறகு இடையில் சில மெல்லிய இழைகள் போதும். முடி மண்டையோடு ஒட்டி வராது. வட்டத்துக்கு மேலே அரை முதல் ஒரு செ.மீ. தள்ளித்தான் அதன் வெளிக்கோடு.

கேள்வி: ஜெல் பேனாவால் கோடு போட்டேன். ரப்பர் வைத்ததும் முகமெல்லாம் கரி.
– மாணவர், கானாடுகாத்தான்

பதில்: மை காயவில்லை. அரை மணி நேரம் விட்டு, பென்சில் கோட்டை ஒரே திசையில் அழியுங்கள். தண்ணீர் பட்டாலும் கரையாத மை உள்ள 0.3 மி.மீ. பேனா இன்னும் நல்லது.