சித்திரக்கதை கேள்வி–பதில்: வன்னிக்குத் திரும்பும் வீரநாயகி

எங்கள் 32 பக்கச் சித்திரக்கதையின் நாயகிக்கு அசுர பலம். வன்னிக்குத் திரும்பி நான்கே பக்கத்தில் ஊரைக் கட்டி எழுப்பிவிடுகிறாள். வாசித்தவர்கள் "சப்பென்று இருக்கு" என்கிறார்கள். எங்கே பிழை? – வாசகர், கிளிநொச்சி

பலம் கூடிப்போச்சு. போர் முடிந்து ஊர் திரும்பியவர்களுக்கு வேலை வந்த ஒழுங்கைப் பாருங்கள்: முதலில் மிதிவெடி, பிறகு பற்றைக்காடு, பிறகு கிணறு, கடைசியில்தான் வீடு. ஒவ்வொன்றிலும் அவள் சக்தி பாதிவழியில் நிற்கவேண்டும்.

மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தை உணரும் சக்தியை மட்டும் கொடுத்துப் பாருங்கள். ஆணி, மீன்ரின், ஷெல் துண்டு எல்லாமே அவளுக்குள் ஒரே மாதிரிக் கத்தும். பிளாஸ்டிக் உடல் மிதிவெடியிலோ உலோகம் துளியளவுதான். ஆகவே வெடி அகற்றும் பெண்களைப் போல அவளும் முழங்காலில் இருந்து, சத்தம் வந்த இடத்துக்குச் சற்று முன்னாலேயே தொடங்கி, பக்கவாட்டில் மண்ணைச் சுரண்டிக்கொண்டு போகவேண்டும். மேலிருந்து குத்தினால் அமுக்கத் தட்டில் பட்டு வெடிக்கும். அந்த ஒரு முழ நிலத்துக்கே முழுப் பக்கம் ஒன்றைக் கொடுங்கள்.

கிணற்றையும் அவள் ஒரே மூச்சில் இறைக்கக்கூடாது. உள்ளே தண்ணீரின் தாங்கல் போனதும், வெளியே ஊறி நிற்கும் மண் கிணற்றின் பழைய சுவரை உள்ளே தள்ளிச் சரித்துவிடும். விட்டு விட்டுத்தான் இறைக்கவேண்டும், அதுவும் உள்ளே வெடிபொருள் இல்லையென்று பார்த்த பிறகு.

வீட்டுக்கு, போருக்குப் பிறகு இந்திய அரசு காசு கொடுத்த இந்திய வீட்டுத் திட்டத்தை நினையுங்கள். அப்போது வீட்டுக்கு 5½ இலட்சம் ரூபாய் கொடுத்தார்கள், அதுவும் கட்டங்கட்டமாக. ஒரு கட்டம் முடித்துக் காட்டினால்தான் அடுத்த காசு வந்தது. லின்டல் மட்டத்தில், அதாவது கதவு, ஜன்னலின் மேல்விளிம்பு வரை எழும்பி நிற்கும் சுவர், ஐப்பசி மழை, வராத காசு: எந்த வில்லனும் தேவையில்லை.

நாயகியின் தம்பி காணாமல் ஆக்கப்பட்டவன். கடைசிப் பக்கத்தில் அவனைக் கொண்டுவந்தால் மனசு ஆறும் என்கிறார் நண்பர். செய்யலாமா? – வாசகி, புதுக்குடியிருப்பு

வேண்டாம். கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 அன்று போராடத் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் இந்தக் கதையைக் கையில் எடுத்து வாசிப்பார்கள். அவர்களுக்குக் கிடைக்காத பதிலை ஒரு படக்கட்டத்தில் கொடுத்தால் அது ஏமாற்று.

ஊரைக் கட்டுவது, காணாமல் போனவனைத் தேடுவது என்ற இரண்டு கருவையும் நிலமே ஒன்றாக முடிந்து வைத்திருக்கிறது. 2023 ஜூனில் முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயில் எலும்புக்கூடுகள் தென்பட்டது குடிநீர்க் குழாய்க்காக மண் தோண்டியபோதுதான். உங்கள் நாயகியும் கட்டுவதற்குத் தோண்டும்போதே அப்படியொன்றைக் காணட்டும். அங்கே அவள் கையை எடுக்கவேண்டும். சக்தியால் கிளறினால் எலும்பு கிடந்த நிலை, உடுப்பு, மண்படை எல்லாம் குலையும், பிறகு எதையும் நிறுவ முடியாது. வேலையை நிறுத்தி, பொலிசுக்கும் நீதவானுக்கும் அறிவித்து, அகழ்வு முடியும்வரை காத்திருப்பதுதான் அவளுக்குக் கதையிலேயே கடினமான வேலை. அதற்கு ஆறு பக்கமாவது ஒதுக்குங்கள், வசனம் குறைவாக.

மனசு ஆறுவதைப் பதிலில் தேடாமல், அவள் எடுக்கும் முடிவில் காட்டலாம். உதாரணமாக, வீட்டு விண்ணப்பத்தில் குடும்ப உறுப்பினர் பகுதியில் தம்பியின் பெயரை எழுதுவதா? திவசம் செய்வதா? தாய் ஒன்றைச் சொல்ல, மகள் வேறொன்றைச் சொல்லட்டும். இருவரையும் ஒத்துப்போக வைக்காதீர்கள்.

பேச்சுக்குமிழில் 'கொ', 'பொ' எல்லாம் பிரிந்து வருகிறது. – வாசகர், மல்லாவி

போட்டோஷொப்பில் எழுத்து அமைப்பை 'வேர்ல்ட் ரெடி லேஅவுட்' ஆக மாற்றி, யுனிகோட் எழுத்துருவைப் போடுங்கள். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் இந்தத் தொல்லை இல்லை. யுனிகோட் அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் அடித்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். எதில் செய்தாலும் அச்சகத்துக்குக் கொடுக்கும் பிரதியில் எழுத்துகளைக் கோட்டுருவாக (outline) மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று: குமிழுக்கு இடம் ஒதுக்கிய பிறகே படம் வரையுங்கள். தமிழ்ச் சொல் நீளம். 'கட்டியிருக்கிறார்கள்' இடிக்கும் இடத்தில் 'கட்டியிருக்கினம்' அடங்கும், வன்னிப் பேச்சும் அதுதானே.