உற்பத்தி நின்றுபோன பூட்டுகள்: வைத்துக்கொள்வதா, மாற்றுவதா?

கேள்வி: காரைக்குடியில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டின் முன்கதவுக்கு இன்றும் திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டுத்தான். இரண்டு சாவிகளில் ஒன்று தொலைந்துவிட்டது. மற்றது தேய்ந்துபோய், பலமுறை அசைத்துத் திருகினால்தான் பிடிக்கிறது. இயந்திரத்தில் சாவி வெட்டித் தருபவர் இந்த வகைக்குச் சாவியே கிடைக்காது என்கிறார். பூட்டையே மாற்றிவிடலாமா?

பதில்: சாவி கிடைக்காது என்று அவர் சொன்னது அவருடைய இயந்திரத்துக்குப் பொருந்தும். அந்த இயந்திரம், தட்டையான சாவியின் விளிம்பில் இருக்கும் மேடு பள்ளங்களைத் தயாராக விற்கப்படும் வெற்றுச் சாவியில் அப்படியே பிரதி எடுப்பது. உங்கள் பூட்டுக்கான வெற்றுச் சாவி சந்தையில் இல்லை. ஆனால் இரும்புத் துண்டிலிருந்து அரத்தால் ராவிச் சாவி செய்யத் தெரிந்தவர் இருந்தால் அது ஒரு தடையே அல்ல.

மாங்காய்ப் பூட்டு லீவர் வகையைச் சேர்ந்தது. உள்ளே தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்கு, கூடாமலும் குறையாமலும், சாவியின் பல் தூக்கினால்தான் எல்லாத் தகடுகளின் வெட்டுகளும் ஒரே நேர்க்கோட்டில் வந்து தாழ் நகரும். தேய்ந்த சாவி தகடுகளைக் குறைவாகத் தூக்குகிறது. நீங்கள் அசைத்துத் திருக வேண்டியிருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அதுவே. ஆகவே தேய்ந்த சாவியைக் கொடுத்து அதைப்போலவே இன்னொன்று செய்து வாங்காதீர்கள், ஏனெனில் தேய்மானமும் சேர்ந்தே பிரதியாகும். பூட்டையே கொண்டுபோய்க் கொடுத்து, மூடியின் தறையாணிகளைக் கழற்றி, உள்ளே இருக்கும் தகடுகளின் உயரத்தைப் பார்த்துப் புதிய சாவி ராவித் தரும்படி கேளுங்கள். ஒரே வேலையில் இரண்டு சாவிகளாகச் செய்து வாங்கி, ஒன்றைப் புழங்காமல் பத்திரப்படுத்துவது நல்லது.

திண்டுக்கல்லில் நாகல் நகர், நல்லாம்பட்டிப் பகுதிகள் பூட்டுப் பட்டறைகளுக்குப் பெயர்பெற்றவை. அரம் பிடித்துப் பழகிய மூத்த தொழிலாளர்கள், அங்கே முன்பு செய்யப்பட்ட வகைகளை நினைவிலிருந்தே சொல்வார்கள்: மாங்காய்ப் பூட்டு, அலமாரிப் பூட்டு, சாவியைத் திருப்பினால் மணி அடிக்கும் பெல் பூட்டு எனப் பட்டியல் நீளும். வீட்டார் அறியாமல் யாரும் பூட்டில் கைவைக்க முடியாது என்பதால், அந்தப் பெல் பூட்டு நாம் இன்று மின்சாரத்தில் தேடும் எச்சரிக்கை மணியின் வேலையை வெறும் விசையாலேயே செய்தது. கையால் ராவப்பட்டதால் ஒரு பூட்டின் சாவி இன்னொன்றைத் திறப்பது அரிது. அதே காரணத்தால் ஒரு பூட்டை முடிக்க நேரமும் கூலியும் மிகுதியாயின. அலிகாரிலிருந்து இயந்திர உற்பத்திப் பூட்டுகள் குறைந்த விலையில் வந்து குவிந்தபோது, கைப்பூட்டு விலையில் தோற்றது. உறுதியில் தோற்றதாக நான் கருதவில்லை. வருமானம் சுருங்கியதும் இளைஞர்கள் இத்தொழிலுக்கு வருவது குறைந்தது. அந்த மூத்தவர்கள் இருக்கும்வரைதான் உங்கள் பூட்டுக்குச் சாவியும் கிடைக்கும் என்பதால், இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

இருந்தாலும், முன்கதவின் முழுப் பாதுகாப்பையும் அந்தப் பூட்டிடம் மட்டும் ஒப்படைக்க வேண்டாம். தொங்கு பூட்டு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், அது மாட்டப்பட்டிருக்கும் நாதாங்கியும் அதன் திருகாணிகளும் தாங்கும் அளவுக்குத்தான் கதவு தாங்கும். தவிர, வெளியே தொங்கும் பூட்டு வீட்டில் ஆளில்லை என்பதைத் தெருவுக்கே சொல்லிவிடுகிறது. கதவுக்குள் பதிக்கும் பூட்டு ஒன்றையும் சேர்த்துப் பொருத்திக்கொள்ளுங்கள். இன்னொன்று: பூட்டு இறுகினால் தேங்காய் எண்ணெய் விடும் வழக்கம் உங்கள் வீட்டிலும் இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். அந்த எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்து, தகடுகளை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கும். பென்சில் முனையைச் சுரண்டிய கிராஃபைட் தூள் சிறிதளவு போதும்.

கேள்வி: குன்னூரில் நாங்கள் வாங்கிய பழைய பங்களாவின் ஓர் அறைக் கதவில் ‘சப்’ என்ற ஆங்கிலப் பெயரும் ‘டிடெக்டர்’ என்ற சொல்லும் பொறித்த பூட்டு இருக்கிறது. சரியான சாவி இருந்தும் சில நேரங்களில் திறக்க மறுக்கிறது. உடைத்து எடுத்துவிடுங்கள் என்கிறார் தச்சர்.

பதில்: உடைக்க வேண்டாம். சாவியைத் திறக்கும் திசையில் திருப்பாமல், முதலில் பூட்டும் திசையில் ஒருமுறை நன்றாகத் திருப்பிவிட்டு, அதன் பிறகு திறந்து பாருங்கள். அந்தப் பூட்டு பழுதானதால்தான் மறுக்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம். அப்படி மறுப்பதற்காகவே செய்யப்பட்ட பூட்டு அது.

1817இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் கப்பல்துறையில் கள்ளச் சாவி போட்டுத் திருட்டு நடந்ததையடுத்து, உரிய சாவியைத் தவிர வேறெதற்கும் திறக்காத பூட்டு ஒன்றைச் செய்து தருபவருக்குப் பரிசு தருவதாக அந்நாட்டு அரசு அறிவித்தது. 1818இல் ஜெரமையா சப் காப்புரிமை பெற்ற பூட்டில், தவறான சாவியோ கம்பியோ ஏதேனும் ஒரு தகட்டைத் தேவைக்கு மேல் தூக்கினால், ஒரு விசை அந்தத் தகட்டைப் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு சரியான சாவி போட்டாலும் திறக்காது. யாரோ முயன்றிருக்கிறார்கள் என்று உரிமையாளருக்கு அதிலிருந்து தெரிந்துவிடும். அந்தப் பிடிப்பை விடுவிக்கத் தொடக்கத்தில் தனிச் சாவி ஒன்று தேவைப்பட்டது. 1824இல் செய்த திருத்தத்துக்குப் பின் உரிய சாவியை எதிர்த்திசையில் திருப்பினாலே போதும் என்றாயிற்று. 1851இல் லண்டனில் பெருங்கண்காட்சி நடந்த சமயத்தில் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டு வல்லுநர் இவ்வகைப் பூட்டு ஒன்றை ஏறக்குறைய 25 நிமிடங்களில் சாவியின்றித் திறந்து காட்டினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் உள்ளறைக் கதவுக்கு அது இன்றும் தாராளமாகப் போதும்.

யாரும் தொடாமலேயே அடிக்கடி அப்படி இறுகினால், தகடுகளை அழுத்தும் விசைகள் தளர்ந்திருக்கலாம், அல்லது பிற்காலத்தில் செய்த நகல் சாவியின் பல் ஓரிடத்தில் உயரமாக இருக்கலாம். லீவர் பூட்டு வேலை தெரிந்த ஒருவரிடம் பிரித்துப் பார்க்கக் கொடுங்கள், தச்சரிடம் வேண்டாம்.

கேள்வி: சென்னையில் 1980களில் கட்டிய அடுக்குமாடி வீடு. கதவுக்குள் பதித்த மார்ட்டிஸ் பூட்டின் கைப்பிடி தொங்கிவிட்டது. அந்த மாடல் இப்போது வருவதில்லை என்கிறார் கடைக்காரர். புதியதைப் பொருத்தினால் கதவைப் புதிதாகக் குடைய வேண்டுமாம்.

பதில்: கைப்பிடி தொங்குவது பெரும்பாலும் உள்ளே ஒரு சுருள்விசை உடைந்ததன் விளைவு. அதைச் செய்து போடுவது சிறிய வேலை. பூட்டை வெளியே எடுத்துக் காட்டி முதலில் அதைக் கேளுங்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், கடைக்குப் போகுமுன் பழைய பூட்டுப் பெட்டியின் உயரம், ஆழம், கதவு விளிம்பிலிருந்து சாவித்துளை மையம்வரை உள்ள தொலைவு, கைப்பிடி மையத்துக்கும் சாவித்துளை மையத்துக்கும் இடைவெளி, கதவின் கனம் ஆகியவற்றை மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். இன்று கடைகளில் பரவலாகக் கிடைக்கும் பூட்டுகளில் கைப்பிடிக்கும் சாவித்துளைக்கும் உள்ள அந்த இடைவெளி 85 மி.மீ.; பழைய மாடல்களில் அது வேறுபடலாம் என்பதால், பழைய துளைகளை மறைக்கும் அளவுக்கு நீளமான கைப்பிடித் தகடு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். சாவி நுழையும் உருளைப் பகுதியான சிலிண்டரை மட்டும் தனியே மாற்றக்கூடிய வகையாக இருந்தால், சாவி தொலைந்தாலும் மீண்டும் மரத்தைக் குடைய நேராது. சிலிண்டரின் நீளம் கதவின் கனத்துக்கு ஏற்றதாக இருக்கட்டும். வெளிப்புறம் துருத்தி நிற்கும் சிலிண்டரை இடுக்கியால் பிடித்து ஒடிக்க முடியும். மார்ட்டிஸ் பூட்டுகளுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2209, அந்த முத்திரை உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ‘அசல் திண்டுக்கல் பூட்டு’ என்று இணையத்தில் விற்றதை வாங்கினேன். வந்தது மெல்லிய தகட்டில் செய்த, வேறு ஊர் முத்திரையுள்ள பூட்டு. திருப்பி எடுக்க மறுக்கிறார்கள்.

பதில்: திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது, வேறு ஊரில் செய்ததை அந்தப் பெயரில் விற்பது சட்டப்படி தவறு. விளம்பரப் பக்கத்தின் படம், விலைச்சீட்டு, பூட்டின் மேல் உள்ள முத்திரை ஆகியவற்றைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, விற்றவருக்கு எழுத்துமூலம் புகார் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது, ஆனால் 2 ஆண்டுகளுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும்.