ஒரே குரூப்பா, ஒன்பது குரூப்பா? ரேடியோ ஆர்வலர் கேள்வி பதில்

ஈரோடு வாசகர்: சார் வணக்கம். நாங்க ரேடியோ கிறுக்கு புடிச்சவங்க எல்லாம் சேர்ந்து ஒரு வாட்ஸப் குரூப் வச்சிருக்கோம். ஷார்ட்வேவ் கேக்குறவங்க, ஹாம் லைசன்ஸ் (பொழுதுபோக்கா ரேடியோல பேசுறதுக்கு) வாங்கினவங்க, பழைய வால்வ் செட் ரிப்பேர் பாக்குறவங்க, சாட்டிலைட் புடிக்கிற பசங்க எல்லாரும் அதுலதான். இப்ப என்னாச்சுன்னா நாள் முழுக்க எஃப்டி8-னு கம்ப்யூட்டர் வழியா சிக்னல் அனுப்புற மோடோட ஸ்க்ரீன்ஷாட்டா வந்து விழுது, பழைய மர்ஃபி வால்வ் ரேடியோ வச்சிருக்குற ஒரு பெரியவர் "எனக்கு ஒண்ணும் வெளங்கல, நான் கெளம்புறேன்"னு போயிட்டார். தனித்தனியா பிரிச்சிரலாம்னு பாதி பேர், பிரிச்சா எல்லாமே படுத்துரும்னு மீதி பேர். என்ன பண்ணலாம்?

பதில்: தலைப்பு வாரியா பிரிக்காதீங்க. வேகம் வாரியா பிரிங்க.

ஏன்னு சொல்றேன். உங்க குரூப்ல ஒரு புது ஆள் வந்து "சாயங்காலம் 7 மணிக்கு மேல 40 மீட்டர் பேண்ட்ல ஒரே இரைச்சல், ஒண்ணுமே கேக்கல"ன்னு கேக்குறார்னு வைங்க. இது ஆன்டெனா குரூப்புக்கு போற கேள்வியா, ரிசீவர் குரூப்புக்கா, ரிப்பேர் குரூப்புக்கா? கேக்குறவருக்கே தெரியாது, தெரிஞ்சா அவரே சரி பண்ணிருப்பாரே. ஒரே எடத்துல எல்லாரும் இருந்தா ஹாம் ஆள் ஆன்டெனா ஒயரோட (கோஆக்ஸ்) கனெக்டரை பாக்க சொல்வார், ரிப்பேர் பாக்குறவர் கெப்பாசிட்டர் மேல சந்தேகப்படுவார், கம்ப்யூட்டர்ல சொருகுற ரேடியோ டாங்கிள் வச்சிருக்குற பையன் வாட்டர்ஃபால் படம் (ஸ்க்ரீன்ல சிக்னல் எல்லாம் கோடா ஓடுறது) கேப்பான், படத்துல சம இடைவெளியில கோடு கோடா, லேசா நகர்ந்துகிட்டே இருக்குறத பாத்துட்டு "இது எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை சத்தம்ணே, மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு ரேடியோவ பேட்டரில போட்டு பாருங்க"ம்பான். ஆஃப் பண்ணா அடங்கிருச்சு. அப்புறம் எம்சிபிய ஒவ்வொண்ணா போட்டுகிட்டே வந்தா மாடிப்படில மாட்டுன மலிவு எல்இடி பல்புதான் திருடன்! மூணு தொழில்காரங்க ஒரே எடத்துல இருந்ததாலதான் அது அன்னிக்கே மாட்டுச்சு.

ரேடியோக்காரங்களுக்கு இது புது சண்டையும் இல்ல. வாட்ஸப் எல்லாம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடி, யூஸ்நெட்னு இன்டர்நெட் விவாதக் குழுக்கள் இருந்த காலத்துல ரெக்.ஹாம்-ரேடியோன்னு ஒரே குழுவா இருந்தது நெரிசல் தாங்காம ரெக்.ரேடியோ.அமெச்சூர்னு பேர் மாறி ஆன்டெனா, ஹோம்ப்ரூ (சொந்தமா செட் கட்டுறது), ஸ்பேஸ், பாலிசி (சட்டதிட்டம்)னு பிரிஞ்சுது. இதுல பாலிசின்னு தனியா வச்சது மோர்ஸ் கோட் கட்டாயமா வேணுமா வேணாமாங்கிற சண்டைய மத்தவங்க காதுல விழாம ஒதுக்கத்தான் பெருசா பயன்பட்டுச்சு. உலக அளவுல அந்த கட்டாயம் 2003-ல தளர்ந்து, அமெரிக்கால 2007-ல மோர்ஸ் டெஸ்ட்டையே எடுத்த பிறகும் அந்த சண்டை ஓயல, அது வேற கதை. ஆனா அங்க உலகம் முழுக்க ஆள் இருந்தாங்க, எத்தனை துண்டு போட்டாலும் ஒவ்வொண்ணுலயும் பேச கூட்டம் இருந்துச்சு. உங்க குரூப்ல 150 பேர் இருந்தாலும் வாய தொறக்குறவங்க 15 பேர் தேறுவாங்களா? அத ஆறா பிரிச்சா ஒரு குரூப்புக்கு ரெண்டரை ஆள்.

சரி, வேகம்னா என்ன. 6 மீட்டர்னு ஒரு ஹாம் பேண்ட் திடீர்னு தொறக்கும், அதாவது தூரத்து சிக்னல் எல்லாம் கேக்கும், பத்து நிமிஷத்துல மூடினாலும் மூடிரும். அந்த தகவல் ரெண்டு மணி நேரம் கழிச்சு தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? ஐஎஸ்எஸ் விண்வெளி நிலையத்துல இருந்து 145.800 மெகாஹெர்ட்ஸ்ல படம் அனுப்புறாங்கன்னா அதுவும் அப்படித்தான், தலைக்கு மேல பத்து நிமிஷம், அதோட போச்சு. இதுக்கு ஒரு அலர்ட் குரூப் வைங்க, அதுல அலைவரிசை, நேரம், மோட் (சிக்னல் அனுப்புற விதம்), அவ்ளோதான், "சூப்பர் சார்"கூட கூடாது. எஃப்டி8-உம் அங்கயே போகட்டும், ஆனா அரிய நாடு மாட்டுனா மட்டும். 15 வினாடிக்கு ஒரு தடவ கம்ப்யூட்டரே மாத்தி மாத்தி அனுப்புற மோட் அது, காதுக்கே கேக்காத சிக்னலையும் படிச்சுரும். ஸ்டீவ் ஃப்ராங்கியும், இயற்பியல்ல நோபல் வாங்குன ஜோ டெய்லரும் அத 2017-ல வெளிய விட்டாங்க, அருமையான வேலை, நான் கொறை சொல்லவே மாட்டேன், ஆனா ஒவ்வொரு கான்டாக்ட்டுக்கும் ஒரு ஸ்க்ரீன்ஷாட் போட்டா மனுஷன் என்ன பண்ணுவான்.

வாங்குறது விக்கிறது கண்டிப்பா தனி. பணம் புழங்குற எடத்துல மனஸ்தாபம் வரும், அந்த கோவத்தோட அடுத்த நாள் ஆன்டெனா பத்தி பேச முடியாது.

மத்ததெல்லாம் ஒரே கூடத்துலயே இருக்கட்டும். அந்த பெரியவருக்கு போன் போட்டு திரும்ப கூப்பிடுங்க, வால்வ் செட் தெரிஞ்ச ஆள் இனிமே கெடைக்க மாட்டாங்க.

திருநெல்வேலி வாசகி: நான் கேக்குறதோட சரிங்க, லைசன்ஸ் கெடையாது. எந்த ஸ்டேஷன் எங்க வருதுன்னு கேட்டா ஹாம் அண்ணன்மார்ங்க "மொதல்ல லைசன்ஸ் எடும்மா"ங்கிறாங்க. எங்களுக்குன்னு தனியா ஒண்ணு வச்சா தப்பா?

பதில்: தப்பே இல்லம்மா, வைங்க. மேல சொன்னதுக்கு இது ஒரு விதிவிலக்கு, ஏன்னா கேக்குறவங்க உலகமே வேற. உங்களுக்கு வேண்டியது அலைவரிசை பட்டியல், அதுவும் மார்ச் கடைசிலயும் அக்டோபர் கடைசிலயும் வருஷத்துக்கு ரெண்டு தடவ மாறிகிட்டே இருக்கும். ஸ்டேஷனுக்கு எப்படி கேட்டுச்சுன்னு ரிசப்ஷன் ரிப்போர்ட் எழுதணும், சிக்னல் தரத்த நம்பர்ல சொல்ற சின்போ கோட் போடணும், கேட்டத உறுதி பண்ணி ஸ்டேஷன் அனுப்புற கியூஎஸ்எல் கார்டு வரணும். ஒரு ஹாமுக்கு இதெல்லாம் ஓரமான விஷயம். தமிழ்நாட்டுல வானொலி நேயர் மன்றம்னு ஊர் ஊருக்கு வச்சு சீன வானொலிக்கு கட்டுக்கட்டா கடிதம் போட்டவங்க நாம, அவங்கள்ல முக்காவாசி பேர் ஒரு நாளும் டிரான்ஸ்மிட்டர தொட்டதில்ல, தொடணும்னு ஆசைப்பட்டதும் இல்ல. பிபிசி தமிழோசை 2017 ஏப்ரலோட சிற்றலைல நின்னப்போ அழுதது இவங்கதான்.

மீடியம்வேவ்லயும் வேட்டை இருக்கு. ஆல் இந்தியா ரேடியோல உங்க ஊர் 1197 கிலோஹெர்ட்ஸ், தூத்துக்குடி 1053, இதெல்லாம் கிட்டக்க இருக்குறதால கேட்டு என்ன பெரும. பொழுது சாஞ்ச பிறகு சென்னை 720 உங்க ஊர்ல எந்த தரத்துல வருது, டிசம்பர்ல எப்படி மே மாசத்துல எப்படின்னு ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க, சுவாரஸ்யமா இருக்கும்.

ஒண்ணே ஒண்ணு. உங்க குரூப்ல யாராச்சும் ஆன்லைன்ல வாங்குன பாவ்ஃபெங் வாக்கி-டாக்கிய வச்சுகிட்டு "எந்த ஃப்ரீக்வென்சில பேசலாம்"னு கேட்டா அங்கயே நிறுத்திருங்க. கேக்குறது வேற, பேசுறது வேற. பேசணும்னா மத்திய அரசோட டபிள்யூபிசி நடத்துற பரீட்சை எழுதி கால்சைன் (ரேடியோல அவரோட அடையாளப் பேர்) வாங்கணும், அந்த ஆளுக்கு மட்டும் ஹாம் அண்ணன்மார் நம்பர குடுங்க.

புதுச்சேரி மாணவர்: சாட்டிலைட்டுக்கு மட்டும் தமிழ்ல ஒரு குரூப் ஆரம்பிக்கப் போறேன் அண்ணா. ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள்ல நோவா வானிலை சாட்டிலைட் படம் புடிச்சிட்டு இருந்தேன், இப்ப அதுவும் நின்னுருச்சு.

பதில்: ஆமா தம்பி, 137 மெகாஹெர்ட்ஸ்ல வந்த அந்த மூணு நோவாவையும் 2025-ல மூடிட்டாங்க. ரஷ்யாவோட மீட்டியார் வானிலை சாட்டிலைட் இருக்கு, அதே ஆன்டெனா போதும், சாஃப்ட்வேர் மட்டும் வேற. இன்னும் கொஞ்சம் செலவு பண்ண முடியும்னா கியூஓ-100 இருக்கு. 2018-ல ஏவுன கத்தார் சாட்டிலைட், வானத்துல ஒரே எடத்துல நிக்கும், இந்தியாவுக்கும் தெரியும், பழைய டிஷ்ஷ திருப்பி வச்சே கேக்கலாம்.

குரூப்புன்னு கேட்டா வேணாம்னுதான் சொல்வேன். சாஃப்ட்வேர் சந்தேகத்துக்கு வெளிநாட்டு குரூப்புகள்ல சேருங்க, பதில் நிமிஷத்துல வரும். தமிழ்ல தனியா வச்சா நாலு பேர் இருப்பீங்க, செமஸ்டர் வந்தா நாலு பேரும் காணாம போவீங்க. அதுக்கு பதிலா ஐஎஸ்எஸ் படம் அனுப்புற வாரத்துக்கு மட்டும் ஒரு தற்காலிக குரூப் போடுங்க, பேர்லயே கடைசி தேதிய எழுதிருங்க, தேதி முடிஞ்சதும் கலைச்சிருங்க. புடிச்ச படத்த மட்டும் பெரிய குரூப்ல போடுங்க, வால்வ் ரேடியோ தாத்தா கூட வாய பொளந்து பாப்பார்.

நாகப்பட்டினம் வாசகர்: பிரிஞ்சு கெடந்தா புயல் வெள்ளம்னு வர்றப்போ யார் யார கூப்பிடுறது? எமர்ஜென்சிக்குன்னு தனி குரூப் வேணாமா?

பதில்: உங்க ஊர்ல இருந்து இந்த கேள்வி வர்றதுல ஆச்சரியம் இல்ல. 2004 டிசம்பர்ல போர்ட் பிளேர்ல ஹைதராபாத்தோட நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் அமெச்சூர் ரேடியோல இருந்து பாரதி பிரசாத் தலைமைல ஒரு டீம் இருந்துச்சு. அவங்க போனது மீட்புக்கு இல்ல. அந்தமான்ல இருந்து ஹாம் சிக்னல் வர்றது அபூர்வம், அத உலகத்துக்கு குடுக்கப் போன டிஎக்ஸ் (தூரத்து ஸ்டேஷன்களோட பேசுற) பயணம் அது, சுத்தமான பொழுதுபோக்கு. 26-ஆம் தேதி காலைல சுனாமி அடிச்சதும் அதே செட்டு, அதே ஆன்டெனா, அதே ஆளுங்க, தீவுக்கும் வெளி உலகத்துக்கும் நடுவுல தகவல் கடத்துனாங்க. அன்னிக்கு கைகுடுத்தது தினமும் பேசிப் பழகுன கை.

அதனால எமர்ஜென்சின்னு வருஷத்துக்கு ஒரு நாள் முழிக்கிற குரூப்ப நம்பாதீங்க. அவசரத்துல பாத்தா பாதி பேர் நம்பர் மாத்திருப்பாங்க. மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை லைசன்ஸ் உள்ளவங்க எல்லாரும் கரண்ட் இல்லாம, பேட்டரில மட்டும் ஒரு நெட்டுக்கு (ரேடியோலயே ஒரே அலைவரிசைல கூடிப் பேசுறது) வாங்க, யார் குரல் எங்க எட்டுதுன்னு எழுதி வைங்க. அந்த பட்டியல பேப்பர்லயும் ஒரு பிரதி வைங்க, நெட்வொர்க் போனா வாட்ஸப்பும் போயிரும்.

ஈரோடு வாசகரே, மறுபடியும்: பிரிச்சா பழைய மெசேஜ் எல்லாம் என்ன ஆகும் சார்?

பதில்: இத கேட்டீங்க பாருங்க, இதுதான் நல்ல கேள்வி. யாஹூ குரூப்ஸ 2020-ல மூடுனப்போ ஒவ்வொரு ரேடியோ மாடலுக்கும் தனித்தனியா இருந்த எத்தனையோ குழுக்கள் இருந்த எடம் தெரியாம போச்சு, முழிச்சுகிட்டவங்க மட்டும் முன்னாடியே வேற எடத்துக்கு மூட்டைய கட்டிட்டாங்க. அதனால எதையும் கலைக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு பேர் உக்காந்து உருப்படியான பதில்கள எடுத்து ஒரு டாக்குமென்ட்ல போடுங்க. எக்ஸ்போர்ட் குடுக்குறப்போ மீடியா இல்லாமன்னு அமுக்கிராதீங்க, அந்த பெரியவர் கைல வரைஞ்சு போட்ட சர்க்யூட் எல்லாம் போட்டோவாத்தான் கெடக்கும்.