வெண்ணெய்க் காசு யாருக்கு? 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பண்ணைப் பெண்கள்: கேள்வி பதில்

இல்லினாய், அயோவா, விஸ்கான்சின் பக்கத்துப் பண்ணைக் குடும்பங்களைப் பற்றிப் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இதோ.

மாலதி: அக்கா, அந்தப் பெண்கள் வயலில் இறங்கி வேலை செய்தார்களா?

ஆள் பற்றாத அறுவடையில் இறங்கினார்கள். ஜெர்மனி, நார்வேயிலிருந்து குடியேறிய வீடுகளில் இது சாதாரணம். மற்றபடி வீடு, காய்கறித் தோட்டம், கோழிக்கூடு, பால் கறவை எல்லாம் அவர்கள் பொறுப்பு. கதிரடிக்கும் இயந்திரத்தோடு ஒரு கூட்டமே வந்து இறங்கும் நாட்களில் அத்தனை பேருக்கும் வேளாவேளைக்குப் பொங்கிப் போட வேண்டும். அதையும் வயல் வேலைக் கணக்கில்தான் சேர்ப்பேன்.

செந்தில்: சோப்பை வீட்டிலேயே செய்தார்களாமே, எப்படி?

குளிர்காலம் முழுக்க அடுப்புச் சாம்பலைப் பீப்பாயில் சேர்த்து வைத்து, மேலே தண்ணீர் ஊற்றுவார்கள். அடியில் சொட்டும் காரநீரில் முட்டையை மிதக்கவிட்டுப் பதம் பார்ப்பார்கள். பிறகு பன்றிக் கொழுப்போடு வெட்டவெளியில் காய்ச்ச வேண்டும். சாம்பலில் இருப்பது பொட்டாஷ் என்ற பொட்டாசியக் காரம் என்பதால் சோப்பு குழகுழவென்றுதான் வரும். உப்புப் போட்டால்தான் இறுகும்.

ரஹீமா: நிலம் பெண் பெயரில் இருக்க முடியுமா?

அரசு நிலத்தைக் குடியேறுகிறவர்களுக்குக் கொடுத்த 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி 21 வயதான தனிப்பெண்ணோ விதவையோ 160 ஏக்கர் வரை கேட்கலாம். ஐந்து ஆண்டுகள் குடியிருந்து பயிரிட வேண்டும். கணவனோடு வாழ்கிறவளுக்குப் பொதுவாக அந்த உரிமை கிடையாது. இல்லினாயில் மணமான பெண் தன் சொத்தைத் தானே வைத்துக்கொள்ளச் சட்டம் வந்தது 1861இல். அவள் சம்பாதித்த கூலி அவளுக்கே என்று ஆக இன்னும் எட்டு வருடம்!

கார்த்திக்: லிங்கனின் அம்மா பால் குடித்தா இறந்தார்?

அப்படித்தான் சொல்கிறார்கள். 1818இல், இண்டியானாவில், லிங்கனுக்கு ஒன்பது வயது. காட்டோரம் முளைக்கும் ஒயிட் ஸ்னேக்ரூட் என்ற செடியை மாடு மேய்ந்தால் விஷம் பாலில் இறங்கும்; வெண்ணெயிலும்.

சுபா: சரி, கையில் அவர்களுக்கென்று காசு உண்டா?

இதைத்தான் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். சோளம், பன்றி விற்ற பணம் நிலக்கடனுக்கும் கலப்பைக்கும் போய்விடும். காப்பி, சர்க்கரை, துணியெல்லாம் பெரும்பாலும் வெண்ணெயும் முட்டையும் கொண்டு வந்தவை. அங்கே தயிரைக் கடைவதில்லை. பாலின் மேல் படியும் ஏட்டைச் சேர்த்துக் கடைவார்கள். திரண்டதைக் குளிர்ந்த நீரில் அலசி, மோர் துளியும் நிற்காமல் மரக்கரண்டியால் பிசைந்து, உப்பிட்டு, ஊர்க் கடைக்கு அனுப்புவார்கள். கடைக்காரர் பேரேட்டில் வரவு வைத்து, அதற்குப் பண்டம் தருவார். யார் வீட்டு வெண்ணெய்க்கு நல்ல விலை என்பது ஊருக்கே தெரிந்திருக்கும்.

பிறகு ஏடு பிரிக்கும் இயந்திரம் வந்தது. 1890இல் விஸ்கான்சினில் பாப்காக் என்ற வேதியியலாளர், பாலின் கொழுப்பை அளக்க எளிய சோதனை ஒன்றைக் கண்டுபிடித்தார். கொழுப்புக்கு ஏற்ப விலை கொடுக்க முடிந்ததால், வீட்டில் கடைந்த பால் தொழிற்சாலைக்குப் போனது. மணிக்கணக்கில் கடைகிற கைவலி குறைந்தது உண்மை. ஆனால் பல வீடுகளில் பால் பணம் வீட்டுக்காரர் கைக்கு மாறியது. இதை முன்னேற்றம் என்று மட்டும் எழுதுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை.

சுபா: முட்டைக் காசும் போய்விட்டதா?

இல்லை. கோழிக்கூட்டை அப்போது எந்தத் தொழிற்சாலையும் கேட்டு வரவில்லை. முட்டைக் காசு 20ஆம் நூற்றாண்டிலும் வெகுகாலம் அவள் முந்தானையிலேயே இருந்தது.