டிராகன் குவெஸ்ட் 11: ஒரே பட்டன் – கடிதமும் பதிலும்

வணக்கம்,

டர்ன் முறை ஆர்பிஜி (முறை வைத்து மாறி மாறிச் சண்டையிட்டு, கதாபாத்திரத்தை வளர்த்துக்கொண்டு போகும் வீடியோ கேம்) என்றால் இதைத்தான் ஆட வேண்டும் என்று பலரும் சொல்லக் கேட்டு டிராகன் குவெஸ்ட் 11 எஸ் டெஃபினிட்டிவ் எடிஷனைத் தொடங்கினேன். இருபது மணி நேரம் ஆகிவிட்டது. கொண்டோலியா வரை வந்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் அலுத்துவிட்டது. வழியில் கண்ணில் படுகிற அரக்கனை எல்லாம் அடித்துக்கொண்டே போகிறேன். ஹீரோவுக்கு மட்டும் நான் கட்டளை கொடுக்கிறேன், மற்றவர்கள் 'ஃபைட் வைஸ்லி'யில் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் 'அட்டாக்'தான். பகுதியின் பெரிய எதிரியான பாஸ்கூட மூன்று நான்கு டர்னில் விழுந்துவிடுகிறது. கதையும் அரைத்த மாவு. ஹீரோ வாயே திறப்பதில்லை. ஒருசாரார் காவியம் என்கிறார்கள், இன்னொருசாரார் 1986-இலேயே நின்றுவிட்ட விளையாட்டு என்கிறார்கள். யார் சொல்வது சரி? நான்தான் தப்பாக ஆடுகிறேனா? தொடரலாமா, விட்டுவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

காவியம் என்பவர்களின் மனதில் இருப்பது எரிக், சில்வாண்டோ போன்ற கதாபாத்திரங்கள். நின்றுவிட்டது என்பவர்களின் கண் சண்டையில் இருக்கிறது. உங்கள் அலுப்பும் சண்டையில்தான் என்பதால் அங்கேயே தொடங்குகிறேன்.

டர்ன் முறைச் சண்டையில் நம் கையில் செலவழிக்க இருப்பவை டர்னும், மந்திரம் போடச் செலவாகும் எம்பியும்தான். இரண்டில் ஒன்றுக்காவது தட்டுப்பாடு இருந்தால்தான் யோசிக்க வேண்டி வரும். பழைய டிராகன் குவெஸ்ட்களில் எம்பிக்குத் தட்டுப்பாடு. குகைக்குள் இறங்கினால் இருக்கிற எம்பியை வைத்துத்தான் அடிவரை ஓட்ட வேண்டும். மேல்தளத்தில் வீணாக்கிய மந்திரத்தின் வலி பாஸ் அறையில் தெரியும். அதனால் சில்லறைச் சண்டைக்கும் ஓர் அர்த்தம் இருந்தது. 11-இல் அது போய்விட்டது. லெவல் ஏறினால் ஹெச்பி (உயிர்ப் புள்ளி), எம்பி இரண்டும் முழுதாக நிரம்பிவிடுகின்றன. வழிநெடுக முகாம் போடும் இடங்கள், படுத்து எழுந்தால் காசில்லாமல் எல்லாம் சரி. ஆக, சாதாரணச் சண்டையில் 'அட்டாக்' தவிர யோசிக்க ஒன்றுமில்லை என்ற உங்கள் குறை நியாயமானதுதான். அதை மறுத்துப் பேசும் ரசிகர்கள் பழைய பாசத்தில் பேசுகிறார்கள்.

மிச்சம் இருப்பது டர்ன். அது பாஸ் சண்டையில்தான் அருமையாகிறது. அந்த அருமையையும் நீங்கள் அழித்துவிட்டீர்கள். கண்ணில் பட்டதை எல்லாம் அடித்ததால் தேவைக்கு மேல் லெவல் ஏறிவிட்டது. பாஸ் மூன்று டர்னில் விழுந்தால் அங்கே 'அட்டாக்'தான் சரியான விடை. ஏன் என்பதைக் கணக்குப் போட்டே காட்டலாம்.

இந்தத் தொடரில் ஆயுத அடியின் அடிப்படைக் கணக்கு எளிது: தாக்கும் பலத்தில் பாதி, கழித்தல் எதிரியின் தற்காப்பில் கால்பங்கு. அதன்மேல் கொஞ்சம் ஏறி இறங்கும், அவ்வளவுதான். உங்கள் ஆளின் பலம் 200, பாஸின் தற்காப்பு 160 என்றால் 100 கழித்தல் 40, ஓர் அடிக்கு 60. இப்போது ஒரு டர்னைச் செலவழித்து அவருடைய பலத்தை 25 சதவீதம் கூட்டுவதாக வையுங்கள். 250 ஆனால் 125 கழித்தல் 40, அடிக்கு 85. லாபம் 25. ஆனால் மந்திரம் போட்டவர் அந்த டர்னில் அடித்திருந்தால் 60 வந்திருக்கும். அதை மீட்கவே மூன்று அடி வேண்டும். பாஸ் அதற்குள் செத்துவிட்டால் மந்திரம் போட்டது நஷ்டம். பத்து டர்ன் தாங்குகிற பாஸாக இருந்தால் கொள்ளை லாபம்.

தற்காப்பைக் குறைக்கும் மந்திரம் வேறு மாதிரி. அதே பாஸின் 160-ஐ 120 ஆக்கினால் ஓர் அடிக்கு 10 மட்டுமே கூடும். பார்க்கச் சின்ன லாபம். ஆனால் ஆயுதத்தால் அடிக்கிற மூன்று பேருக்கும் அது கிடைக்கிறது, ஒரு சுற்றுக்கு 30. எதிரி கனமான கவசக்காரனாக இருந்தால் கணக்கு இன்னும் தலைகீழாகும். தற்காப்பு 320 என்றால் உங்கள் 200 பலத்துக்கு அடி வெறும் 20. பலத்தை 250 ஆக்கினால் 45, இரண்டு மடங்குக்கும் மேல். 'அடிக்க அடிக்க இறங்கவே மாட்டேன் என்கிறது' என்று புலம்பவைக்கும் எதிரிகளிடம் லெவல் ஏற்றுவதைவிட இந்த ஒரு டர்ன் அதிகம் வேலை செய்யும். கூட்டத்தின் மந்திரக்காரி வெரோனிகாவின் தீ, பனி மந்திரங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. எதிரியின் தற்காப்பைக் குறைத்துவிட்டு அவள் மந்திரம் கூடவில்லையே என்று காத்திருப்பது அடிக்கடி காணும் பிழை.

கொன்றால் அனுபவப் புள்ளிகளை (எக்ஸ்பி) அள்ளித் தரும் மெட்டல் ஸ்லைம் என்ற அரக்கனும் இதே கணக்கின் குழந்தைதான். தற்காப்பு மலையளவு, எனவே கழித்தால் மிஞ்சுவது பூஜ்யம் அல்லது ஒன்று. மந்திரமும் ஏறாது. எப்போதாவது பலமாக விழும் கிரிட்டிகல் அடி தற்காப்பைப் பார்ப்பதில்லை என்பதால் அதில்தான் சாயும். ஈட்டிக்காரர்களின் 'தண்டர் த்ரஸ்ட்' பட்டால் கிரிட்டிகல், இல்லாவிட்டால் காற்றில் குத்து என்ற திறமை. ஸ்லைம் ஓடுவதற்குள் சூதாட அதுதான் சரியான கருவி.

அடுத்து, 'ஃபைட் வைஸ்லி'. கட்டுப்பாட்டை இயந்திரத்திடம் விடுவது இந்தத் தொடரில் 1990-இல் வந்த நான்காம் பாகத்திலேயே சர்ச்சையானது. அதன் முதல் வடிவத்தில் கடைசி அத்தியாயத்தில் தோழர்களுக்கு நேரடியாகக் கட்டளையிடவே முடியாது. அதிலிருக்கும் பூசாரி, உடனடி மரண மந்திரம் பலிக்காத பாஸ்கள் மீதும் அதையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருப்பார். ஜப்பானிய ஆட்டக்காரர்கள் இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். 11-இன் இயந்திரம் அவ்வளவு மோசமில்லை. குணப்படுத்துவதை ஒழுங்காகவே செய்யும். ஆனால் மூன்று டர்ன் தள்ளிக் கிடைக்கும் லாபத்துக்காக இந்த டர்னை விட்டுக்கொடுக்கும் திட்டம் உங்கள் தலையில் இருக்கிறது, அதற்குத் தெரியாது. எனவே எல்லாரையும் 'ஃபாலோ ஆர்டர்ஸ்'க்கு மாற்றுங்கள். பழைய பாகங்களில் சுற்றின் தொடக்கத்திலேயே எல்லாருக்கும் கட்டளை கொடுத்துவிட வேண்டும், நடுவில் யாராவது விழுந்தால் திட்டமே பாழ். இதில் ஒவ்வொருவர் முறை வரும்போதுதான் கேட்கிறது. இந்த வசதியைப் பயன்படுத்தாமல் இருப்பது வீண்.

எரிக்கை வைத்து முயன்று பாருங்கள். அவருடைய கத்திப் பிரிவில் 'கோப்ரா ஸ்ட்ரைக்' விஷமேற்றும், 'விக்டிமைசர்' விஷமேறியவனைப் பல மடங்கு அடிக்கும். இன்னொரு பிரிவில் இருக்கும் 'டிவைட்' அவருடைய பிம்பங்களை எழுப்பி அதே அடியைக் கூடவே விழவைக்கும். வரிசை முக்கியம்: முதலில் விஷம், அது ஏறியதை உறுதிசெய்துகொண்டு டிவைட், அப்புறம் விக்டிமைசர். விஷம் ஏறாமல் விக்டிமைசர் போட்டால் சாதாரணக் குத்துதான். இடையில் மற்றவர்கள் தற்காப்பைக் குறைத்து வைத்திருந்தால் திரையில் வரும் எண்ணைப் பார்த்து நீங்களே ஒருமுறை நிமிர்ந்து உட்காருவீர்கள். 'ஃபைட் வைஸ்லி'யிடம் இந்த வரிசையை நம்பி ஒப்படைக்க முடியாது.

திறன் புள்ளிகளை ஏற்கெனவே வேறு ஆயுதத்தில் போட்டுவிட்டீர்களா? கவலை வேண்டாம். தேவாலயத்திலோ தேவதைச் சிலையிடமோ விளையாட்டுக் காசு கொஞ்சம் கொடுத்தால் திரும்பப் பெறலாம். இதை அறியாமல் கடைசிவரை ஒரே கட்டமைப்பில் ஓட்டுகிறவர்கள் ஏராளம்.

இன்னொன்று: சண்டை நடுவே ஆயுதம் மாற்ற டர்ன் செலவாகாது. கூட்டமாக வந்தால் எரிக்கிடம் பூமராங் கொடுங்கள், எல்லார் மீதும் படும் (ஒவ்வோர் எதிரியைத் தாண்டும்போதும் அடி குறையும், ஆகவே பலவீனமானவன் கடைசியில் நிற்கிறானா என்று பாருங்கள்). ஒருவன் மட்டும் மிஞ்சியதும் கத்திக்குத் திரும்புங்கள். ஆளை மாற்றுவதும் அப்படியே. ஆளின் திறன் கூடி நீல ஒளி சூழும் 'பெப்' நிலை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது கரையாது. சில்லறைச் சண்டையில் ஒருவருக்குப் பெப் வந்தால் பின்னால் அனுப்பிவிட்டு பாஸுக்கு முன் கூட்டிவாருங்கள். பெப் பவரால் (அந்த நிலையில் மட்டும் போட முடிகிற சிறப்புத் திறமை) இன்ன அரக்கனைக் கொல் என்று கேட்கும் பக்கவேலைகளில் மண்டையை உடைத்துக்கொள்கிறவர்களுக்கும் இதுதான் வழி.

இனி லெவல் விஷயம். அரக்கர்கள் கண்ணெதிரே நடமாடுவதால் ஒதுங்கிப் போக முடியும். குதிரையில் மோதித் தள்ளினால் சண்டையும் இல்லை, எக்ஸ்பியும் இல்லை. புதுப் பகுதிக்கு வந்தால் ஒவ்வொரு வகையோடும் ஒருமுறை, இரண்டுமுறை மோதுங்கள், பிறகு பாஸை நோக்கி நடங்கள். விழுந்தால் விழட்டும். அப்போது ஏற்றினால் போதும்.

இதற்கென்றே 'டிராகோனியன் குவெஸ்ட்' என்ற கடின அமைப்பு உண்டு. சிக்கல் என்னவென்றால் ஆட்டத்தின் தொடக்கத்தில் மட்டுமே அதைப் போட முடியும்; நடுவில் அணைக்கலாம், திரும்பப் போட முடியாது. உங்களுக்கு இந்த முறை அது இல்லை. மறுபடி முதலிலிருந்து ஆடுவதாக இருந்தால், அல்லது இதைப் படிக்கும் வேறு யாராவது தொடங்குவதாக இருந்தால், 'வலிமையான அரக்கர்கள்', 'எளிய சண்டைக்கு எக்ஸ்பி குறைவு' என்ற இரண்டை மட்டும் போடுங்கள். முதலாவது பாஸைப் பத்து டர்ன் நிற்கவைக்கிறது, இரண்டாவது நீங்கள் மீறி வளராமல் பிடித்துவைக்கிறது. கடையில் எதுவும் வாங்கக் கூடாது என்பதை ஃபோர்ஜில் (ஆயுதங்களை நாமே அடித்துச் செய்யும் உலை) மணிக்கணக்காக உட்காரத் தயாராக இருப்பவர்கள் சேர்த்துக்கொள்ளலாம். ஷைபாக்ஸ் என்ற கூச்ச நோய் திடீரென்று டர்னைப் பிடுங்கும், இரண்டாவது தடவை சிரிப்பு வராது. ஹீரோ விழுந்தால் கூட்டமே தோற்றதாகக் கணக்காகும் அமைப்பைத் தொடவே வேண்டாம். வலிமையான அரக்கர்களோடு சேர்ந்தால் அது திறமைக்கு வைக்கும் சோதனை இல்லை, தாயக்கட்டை.

ஃபோர்ஜ் பற்றி ஒரு வரி: இரும்பு சூடாக இருக்கும்போது அடி பலமாக விழும், ஒவ்வோர் அடிக்கும் சூடு இறங்கும். அளவுகோலில் இலக்குக் கோடு வரை உள்ள பெரிய இடைவெளிகளை ஆரம்பத்தில் நிரப்பிவிட்டு, நுணுக்கமான தட்டல்களை ஆறிய பிறகு செய்யுங்கள். தலைகீழாகச் செய்வதால்தான் பலருக்கு கோடு தாண்டிவிடுகிறது. பிளஸ் மூன்று என்ற உச்சத் தரம் வந்த ஆயுதம் மேலே சொன்ன கணக்கில் நேராகப் போய் உட்காரும்.

சண்டை மெதுவாக இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் அமைப்பில் போய் வேகத்தைக் கூட்டுங்கள். 2018-இல் உலகெங்கும் வந்த முதல் பதிப்பில் சின்தசைசர் இசை மீது பெரிய வசை இருந்தது; உங்களிடம் இருப்பதில் ஆர்கெஸ்ட்ரா இசை இருக்கிறது. அந்தக் குறை ஓரளவு தீர்ந்தது. ஆனால் ஒரே மெட்டு ஊர் ஊராக ஓடுவது தீரவில்லை.

ஊமை ஹீரோ? 1986-இல் வந்த முதல் பாகத்திலிருந்தே தொடரை உருவாக்கிய யூஜி ஹோரியின் வழக்கம் அது, ஹீரோ நீங்கள்தான் என்ற எண்ணம். எழுத்தாக மட்டும் வசனம் ஓடிய காலத்தில் அது பொருந்தியது. இப்போது சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் குரலோடு அழுது புலம்பும்போது இவர் மட்டும் தலையாட்டுவது பொருந்தவில்லை. நானும் உங்கள் கட்சிதான். கதை அரைத்த மாவு என்பதில் மட்டும் கொஞ்சம் பொறுங்கள். இருபது மணி நேரத்தில் நீங்கள் பார்த்திருப்பது அமைதியான பாதி. மேலே சொன்னால் கெடுத்தவனாவேன்.

தொடர்வதா என்றால், ஆக்டகோனியா என்ற ஊரைத் தாண்டி ராபும் ஜேடும் கூட்டத்தில் வந்து சேரும்வரை மேலே சொன்னபடி ஆடிப் பாருங்கள். ஏழு பேர் ஆனதும் யாரை முன்னால் நிறுத்துவது என்பதே ஒரு கேள்வியாகிவிடும். அப்போதும் ஒரே பட்டன்தான் என்று தோன்றினால் தயங்காமல் மூடிவிடுங்கள்.

மூடாமல் போனால் ஒரு எச்சரிக்கை. கிரெடிட்ஸ் ஓடியதும் முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள், அதற்குப் பின்னும் ஒரு முழுப் பகுதி இருக்கிறது. பார்த்த ஊர்களே மறுபடி வரும், நிறம் மாற்றிய அரக்கர்கள் வருவார்கள், பாஸ்களின் பலம் திடீரென்று எகிறும். ஆட்டத்தின் நடை மிகவும் தளர்வது அங்கேதான். ஈட்டியையும் தண்டர் த்ரஸ்ட்டையும் எடுத்துக்கொண்டு மெட்டல் ஸ்லைம் வேட்டைக்குப் போகவேண்டியதும் அங்கேதான், அதுவரை அவற்றை விட்டுவையுங்கள்.